இளையவனின் வலது கை

மதுரை
10.11.2025

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் தீபாவளி கழிந்த மூன்றாம் நாளே வந்துவிட்டது. பதில் தாமதமானதற்கு மழையின் மேல் பழி போடலாம். ஆனால் உன் இளையவனை நான்கைந்து காலைகளாவது கூட நின்று பார்க்காமல், அவனைத் தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு விடலாமா என்று நீ கேட்ட கேள்விக்கு வாயைத் திறக்கக் கூடாது என்று நான்தான் தள்ளிப்போட்டேன். ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் அவன் ஓடி முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு அவனுடைய பயிற்சிக் கூடத்துக்கும் போய், மூட்டுவலியோடு இரண்டு நாள் அவன் குத்திப் பழகக் கையில் பேட் மாட்டி நின்றும் பார்த்துவிட்டேன். "பெரியப்பா, அப்பாவுக்கு நல்லபடியா எழுதுங்க" என்று தினமும் காதில் போட்டுக்கொண்டே இருக்கிறான். நல்லபடியாகத்தான் எழுதப் போகிறேன், அவன் நினைக்கிற நல்லபடி வேறாக இருந்தாலும்.

படிப்பு முடிந்ததும் தொழில்முறைக் குத்துச்சண்டைக்குப் போகிறேன் என்று பத்தொன்பது வயதில் அவன் சொல்வதை விளையாட்டுப் பேச்சாக எடுத்துக்கொள்ளாதே. இதில் பாதியை நிஷாந்த் தேவிடமிருந்தும் மீதியை அப்துல்லா மேசனிடமிருந்தும் எடுத்திருக்கிறான். இருவரும் அவனைப் போலவே இடக்கைக்காரர்கள்.

நிஷாந்தை உனக்குத் தெரிந்திருக்கும். ஹரியானாவின் கர்னால்காரன். இந்த ஆண்டு ஜனவரி 25-ஆம் தேதி லாஸ் வேகாஸில் தன் முதல் தொழில்முறைச் சண்டையை முதல் ரவுண்டிலேயே முடித்தான். ஜூனில் நியூயார்க்கில் இரண்டாவதையும் வென்றான். எடி ஹேர்ன் போன்ற பெரிய புரமோட்டர் (வீரர்களை ஒப்பந்தம் செய்து சண்டைகளை நடத்துபவர்) ஒருவர் நம் நாட்டுப் பையனைக் கையில் எடுத்திருப்பது சின்ன விஷயம் இல்லைதான். ஆனால் இளையவன் வேகாஸின் விளக்குகளைப் பார்க்கிற அளவுக்கு, அந்த ரிங்கில் கால் வைப்பதற்கு முன் நிஷாந்த் எங்கெல்லாம் அடிபட்டு வந்தான் என்பதைப் பார்க்கவில்லை. 2023-இல் தாஷ்கண்ட் உலகப் போட்டியில் வெண்கலம், பாரிஸ் ஒலிம்பிக்கில் கால் இறுதிவரை வந்து மெக்சிகோவின் மார்க்கோ வெர்தேயிடம் புள்ளிக் கணக்கில் தோல்வி, இவையெல்லாம் கடந்து இருபத்து நான்கு வயதில்தான் அவன் கையெழுத்துப் போட்டான். நம் இளையவன் கைவசம் இருப்பது பல்கலைக்கழக அளவில் ஒரு வெள்ளி.

மேசன் உனக்குப் புதிய பெயராக இருக்கலாம். அமெரிக்காவின் கிளீவ்லேண்டைச் சேர்ந்தவன், வயது 21. அப்பாவே பயிற்சியாளர், உடன்பிறந்தவர்களும் இதே தொழிலில் இருக்கிறார்கள். 19 சண்டைகளில் 19 வெற்றி, அவற்றில் 17 நாக்-அவுட். வருகிற 22-ஆம் தேதி ரியாத்தில், காலியாக இருக்கும் டபிள்யூ.பி.ஓ. (உலகக் குத்துச்சண்டை அமைப்புகளில் ஒன்று) லைட்வெயிட் பட்டத்துக்காக, இங்கிலாந்தின் கென்ட் பகுதியைச் சேர்ந்த சாம் நோக்ஸை எதிர்கொள்கிறான். நோக்ஸும் 17 சண்டைகளில் தோற்காதவர். லைட்வெயிட் என்றால் 61.2 கிலோ, நம் பையன் ஆடுவது 60 கிலோ. ஆக, தொழில்முறைக்குப் போனால் அவன் நிற்கப் போகும் வரிசையின் தலைமாட்டில் நிற்பவர்கள் இவர்கள்தான் என்பதால், இந்தச் சண்டையை நான் சற்று உன்னிப்பாகவே பார்க்கக் காத்திருக்கிறேன்.

இந்தத் தோற்காத கணக்கைப் பற்றி உனக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உன் மகன் மயங்கி நிற்பது அதில்தான். நம் பக்கத்தில் மாடு வளர்ப்பவன் எவனும் கன்றை எடுத்த எடுப்பில் அலங்காநல்லூர் வாடிவாசலில் அவிழ்ப்பதில்லை. சின்ன ஊர் மஞ்சுவிரட்டில் விட்டு, கூட்டத்தின் இரைச்சலுக்குப் பழக்கி, வடமாட்டில் கட்டிப் பார்த்து, அதன் பிறகுதான் பெரிய ஊருக்கு வண்டி ஏற்றுவான். யாரோடு யார் மோதுவது என்று முடிவுசெய்யும் புரமோட்டரின் மேட்ச்மேக்கர் செய்வதும் அதே வேலைதான். முதலில் நான்கு ரவுண்டு, பிறகு ஆறு, எட்டு, பத்து என்று தூரத்தைக் கூட்டிக்கொண்டே, ஒவ்வொரு முறையும் பையனுக்கு ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிட்டுத் தோற்கக்கூடிய ஆளாகத் தேடிப் பிடித்து நிறுத்துவார். போர்ட்டோ ரிக்கோவின் சாண்டர் சயாஸை 16 வயதில் ஒப்பந்தம் செய்தார்கள். அவன் உலகப் பட்டம் வென்றது இந்த ஜூலையில், 22 வயதில். இடையில் கழிந்த ஆறு ஆண்டுகளில் அவனுக்கு யார் யாரை எந்த வரிசையில் கொடுத்தார்கள் என்று பார்த்தால், அது நல்ல ஆசிரியர் பாடத்திட்டம் போட்டதுபோல் இருக்கிறது. அப்படிப்பட்ட ஆள் கிடைத்தால் அது பையனின் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால், கணக்கு அழகாக இருப்பதற்காகவே சோப்ளாங்கிகளை நிறுத்தி, பத்து வெற்றி சேர்ந்ததும் நல்ல விலைக்குப் பெரிய ஆளிடம் தள்ளிவிடுவார்கள். அந்தப் பதினோராவது சண்டையில்தான் பையனுக்கு உண்மை தெரியும். நம் விஜேந்தர் சிங்கையே எடுத்துக்கொள். பெய்ஜிங் ஒலிம்பிக் பதக்கக்காரர், 2015-இல் தொழில்முறைக்குப் போய் வரிசையாகப் பன்னிரண்டு வென்றார். 2021 மார்ச்சில் கோவாவில் கப்பல் மேல்தளத்தில் போட்ட ரிங்கில், அதிகம் பேர் கேள்விப்படாத ரஷ்யப் பையன் ஆர்டிஷ் லோப்சானிடம் ஐந்தாவது ரவுண்டில் தோற்றார். விஜேந்தரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, அவர் திறந்துவைத்த வழியில்தான் இவர்கள் நடக்கிறார்கள். ஆனால் பன்னிரண்டு வெற்றிகளும் சொல்லாத ஏதோ ஒன்றைப் பதின்மூன்றாவது சண்டை சொன்னது.

மோசஸ் இட்டாவுமாவைப் பற்றியும் இளையவன் வாய் ஓயாமல் பேசுகிறான். ஸ்லோவாகியாவில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த ஹெவிவெயிட், இன்னும் 21 நிரம்பவில்லை. ஆகஸ்ட் 16-ஆம் தேதி ரியாத்தில் டில்லியன் வைட்டை இரண்டு நிமிடம்கூட நிற்கவிடவில்லை. கையில் வேகம், காலில் சமநிலை, குத்தில் கனம், எல்லாம் இருக்கின்றன, நான் மறுக்கவில்லை. ஆனால் வைட்டுக்கு வயது 37. ஒன்பதாவது ரவுண்டில், மூச்சு வாங்க, ஒரு கண் வீங்கிய நிலையில் இந்தப் பையன் என்ன செய்வான் என்பதை இதுவரை எந்த எதிராளியும் நமக்குக் காட்டவில்லை. மைக் டைசன் 20 வயது 4 மாதத்தில், வேறு யாரும் வெல்லாத இளம் வயதில், ஹெவிவெயிட் உலகப் பட்டம் வென்ற அந்த 1986 நவம்பரில், விடுதியில் ஒரே ஒரு செய்தித்தாளைப் பத்துப் பேர் பிடுங்கிப் படித்தோமே, நினைவிருக்கிறதா? அந்தச் சாதனையை இட்டாவுமா முறியடிப்பான் என்று பேசினார்கள், வயது தாண்டிவிட்டது. தாண்டியதே நல்லது என்பது என் எண்ணம். இனி யாரும் அவனை அவசரப்படுத்த மாட்டார்கள்.

மேசனை நான் இட்டாவுமாவைவிட ஒரு படி மேலே வைப்பதற்குக் காரணம், மேசன் கீழே விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். போன ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி, யோஹான் வாஸ்கெஸ் என்பவர் முதல் ரவுண்டிலேயே அவனை இரண்டு முறை தரையில் உட்காரவைத்தார். இருபது வயதுப் பையன், அதுவரை எல்லாரையும் தூக்கி எறிந்து பழகியவன், கோபம் தலைக்கேறி மேலே பாய்ந்திருக்கலாம். பயந்து பின்வாங்கியும் இருக்கலாம். எழுந்து நின்று, திருப்பிக் கொடுத்து, இரண்டாவது ரவுண்டில் சண்டையையே முடித்துவிட்டான். அந்தச் சில நிமிடங்கள் எனக்கு மற்ற பதினெட்டு வெற்றிகளைவிட அதிகம் சொன்னன. இருந்தாலும் பன்னிரண்டு ரவுண்டு ஓடும் சண்டையை அவன் இன்னும் கண்டதில்லை. நோக்ஸ் வயிற்றில் குத்தியே ஆளைக் கரைக்கக்கூடியவர், பின்வாங்கத் தெரியாதவர். ஏழாவது ரவுண்டுவரை அவர் நின்றுவிட்டால் ஆட்டம் வேறு மாதிரி ஆகும். எனக்கு மேசன்மேல்தான் நம்பிக்கை. ஆனால் அவன் நாக்-அவுட்டில் வெல்வதைவிட, கடைசி மணிவரை போய்ப் புள்ளியில் வென்றால் அதிகம் சந்தோஷப்படுவேன்.

இனி நீ கேட்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். கேட்கப் பயந்துதான் நீ கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். இந்த ஆகஸ்டில் டோக்கியோவின் கோரகுவென் அரங்கில், ஒரே நாள் நிகழ்ச்சியில் சண்டையிட்ட கோட்டாரி, உரகாவா என்ற இரண்டு ஜப்பானிய வீரர்கள், இருவருக்கும் 28 வயது, மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டுச் சில நாள்களுக்குள் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு ஓரியண்டல்-பசிபிக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பு தன் பட்டச் சண்டைகளைப் பன்னிரண்டு ரவுண்டிலிருந்து பத்தாகக் குறைத்தது. பதினைந்து ரவுண்டு பன்னிரண்டானதும் இப்படித்தான், 1982-இல் கொரியாவின் கிம் டுக் கூ இறந்த பிறகு. எடையைக் குறைக்க உடம்பிலிருந்து நீரை வற்றவைப்பது மூளையைப் பலவீனமாக்குகிறது என்று மருத்துவர்கள் கவலைப்படுகிறார்கள். தொழில்முறையில் முதல் நாளே எடை பார்த்துவிடுவதால், ஓர் இரவில் நீரை ஏற்றிக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் ஐந்தாறு கிலோவைக்கூட வற்றவைக்கிறார்கள். உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு கிலோவுக்காக நான் இரண்டு நாள் தண்ணீர் குடிக்காமல், சித்திரை வெயிலில் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வைகை மணலில் ஓடி, புளியை வாயில் அடக்கி எச்சில் துப்பித் துப்பி எடையைச் சரிசெய்த கதையும், மறுநாள் இரண்டாவது ரவுண்டில் அடியே படாமல் மயங்கி விழுந்த என்னை நீ தோளில் தூக்கிக்கொண்டு போன கதையும் உனக்குத் தெரிந்ததுதானே. அதை எனக்குச் செய்யச் சொன்னவர் நல்ல மனிதர்தான், அன்று அவருக்கும் தெரியாது. இன்று தெரிந்தும் செய்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

சரி, பையனுக்கு வருகிறேன். சனிக்கிழமை காலை அவனைவிட ஏழெட்டுக் கிலோ கூடுதலான ஒரு பையனோடு மூன்று ரவுண்டு ஸ்பாரிங் (பயிற்சி மோதல்) செய்தான். முதல் ரவுண்டு பார்க்கக் கண் கோடி வேண்டும். கால் தரையில் பாவாமல் ஆடினான், இடது கை நேர்க்குத்து சாட்டை போல் போய் வந்தது. மூன்றாவது ரவுண்டில் இரண்டு நிமிடம் கழிந்த பிறகு நான் எண்ணத் தொடங்கினேன். வலது கையால் பதினொரு ஜாப் (முன்னால் நிற்கும் கையின் விரைவான நேர்க்குத்து) விட்டான்; அவற்றில் ஏழு முறை கை தாடைக்குத் திரும்பாமல், கிளவுஸ் தொடையை உரசுகிற அளவுக்கு இறங்கி, பிறகுதான் மேலே வந்தது. களைப்பு வந்தால் அவனுக்கு முதலில் போவது அந்தக் கைதான். எதிரில் நின்றவன் கெட்டிக்காரன், எட்டாவது முறைக்குக் காத்திருந்து, இறங்கிய கைக்கு மேலாக ஒரு இடது ஹுக் (பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து) வைத்தான். இளையவன் தலை திரும்பியது, உடனே சிரித்தான். சிரிப்பவனுக்கு வலித்திருக்கிறது என்று நாம் அந்தக் காலத்திலேயே பேசிக்கொள்வோம். ஆனால் அதற்குப் பிறகு அவன் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. பாயவில்லை, இரண்டு அடி பக்கவாட்டில் நகர்ந்து, கையை ஏற்றிக்கொண்டு, மீதி நேரத்தை நிதானமாக ஆடி முடித்தான். அது பத்து அவுன்ஸ் கிளவுஸ், தலையில் கவசம் இருந்தது. தொழில்முறையில் அவன் எடைக்கு எட்டு அவுன்ஸ்தான், தலையில் ஒன்றும் கிடையாது.

ஆகவே என் பதில் இது. அவனிடம் முடியாது என்று சொல்லாதே, சொன்னால் நம்மைப் போலவே ரகசியமாகப் போவான். இன்னும் மூன்று ஆண்டு அமெச்சூரில் ஆடட்டும். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை உண்டு என்பது உறுதியாகிவிட்டது; தேசியப் போட்டியில் ஹரியானா, சர்வீசஸ் (ராணுவ அணி), ரயில்வே பையன்களிடம் போய் நான்கு முறை நன்றாகத் தோற்றுவிட்டு வரட்டும். செப்டம்பரில் லிவர்பூல் உலகப் போட்டியில் நம் ஆண்கள் ஒருவரும் பதக்கம் இல்லாமல் திரும்ப, பெண்கள் இரண்டு தங்கம் கொண்டுவந்தார்கள். அதில் 48 கிலோ தங்கம் ரோத்தக்கைச் சேர்ந்த மீனாட்சிக்கு. எங்கள் ஊரில் அந்தப் பெயர் வென்றதைக் கேட்க எவ்வளவு சுகமாக இருந்தது என்று நீ யூகித்துக்கொள். மாநில அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு இருப்பதையும் தங்கச்சியிடம் சொல். அங்கே தேசியப் பதக்கம்தான் செல்லும், வெளியூரில் வென்ற நான்கு ரவுண்டுச் சண்டை செல்லாது. அதற்குப் பிறகும் அவனுக்கு ஆசை தீரவில்லை என்றால், ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க ஒரு வக்கீலையும், எதிராளியின் பெயரைக் கேட்டதும் வேண்டாம் என்று சொல்லத் தைரியமுள்ள ஒரு கோச்சையும் நாம் தேடுவோம்.

ரியாத் சண்டை நமக்கு 23-ஆம் தேதி ஞாயிறு அதிகாலையில் வரும். இளையவன் முந்தின இரவே இங்கே படுக்க வருகிறான். முடிந்தால் நீயும் வெள்ளி இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறிவிடு. மேசன் எட்டாவது ரவுண்டைத் தாண்டினால், ஜாப் விட்ட பிறகு அவன் வலது கை எங்கே போய் நிற்கிறது என்று மட்டும் பார்க்கும்படி பையனிடம் சொல்லப் போகிறேன். நான் சொல்வதைவிட நீயும் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினால் அவனுக்கு உறைக்கும்.

தங்கச்சிக்கும் பெரியவனுக்கும் என் அன்பைச் சொல்.

உன் பழைய கூட்டாளி