பதினொரு டிக்கெட்

குலசேகரம்
ஞாயிறு இரவு

அன்பு மக்களே,

நேற்று போனில் உன் குரல் கம்மியிருந்தது. காய்ச்சலோ என்று அம்மா பயந்துவிட்டாள். பிறகுதான் தெரிந்தது, நீ மூன்று வருடமாகக் காத்திருந்த அந்த விண்வெளிப் படத்தின் வசூல் இரண்டாவது வாரத்தில் பாதிக்கு மேல் இறங்கிவிட்டதாம். போட்ட காசு திரும்பாது, அடுத்த பாகம் எடுக்கமாட்டார்கள் என்று சொல்லும்போது அழுகிற மாதிரி இருந்தாய். அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை. போனை வைத்த பிறகு ராத்திரி முழுக்க அதே நினைப்பு.

வசூல் கணக்குப் பார்ப்பதை அம்மா சின்னப்பிள்ளை வேலை என்கிறாள். நான் அப்படி நினைக்கவில்லை. 1979 முதல் 2006 வரை டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து அதே கணக்கை எழுதிச் சோறு தின்றவன் நான். நீயும் உன் சிநேகிதர்களும் வெள்ளி, சனி, ஞாயிறு என்று பிரித்து வைத்துக்கொண்டு பேசுவதைக் கேட்டால் எனக்குத் தினசரி வசூலை எழுதும் பழைய டி.சி.ஆர். புத்தகம்தான் கண்ணில் வருகிறது. தினமும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும், பெஞ்சுக்குத் தனியாக, சேருக்குத் தனியாக, டிக்கெட்டின் தொடக்க எண், முடிவு எண் எழுதுவோம். கழித்தால் விற்ற டிக்கெட். அதில் கேளிக்கை வரியைக் கழித்தால் நிகரம். அதைத்தான் தியேட்டரும் விநியோகஸ்தரும் பங்கு போடுவார்கள். விநியோகஸ்தர் அனுப்பும் ஆள், ரெப் என்போம், படம் ஓடும்போதே டார்ச்சோடு உள்ளே போய்த் தலை எண்ணிவிட்டு வருவார். கிழித்த டிக்கெட்டும் தலையும் ஒத்துப்போனால்தான் கையெழுத்து. எங்கள் கன்னியாகுமரி மாவட்டக் கணக்கு திருநெல்வேலியோடு சேர்ந்து 'டி.கே. ஏரியா' என்ற ஒரே எண்ணாகிச் சென்னைக்குப் போகும். அங்கே அதைப் பார்ப்பவருக்குக் குலசேகரம் தெரியாது, அருமனை தெரியாது.

ஆனால் எனக்குத் தெரியும், மக்களே. அந்த எண்ணுக்குள் என்னவெல்லாம் இருந்தது என்று எனக்குத் தெரியும். ஜூனில் மழை பிடித்தால் ரப்பர் வெட்டு நிற்கும். வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை, செகண்ட் ஷோவுக்கு ஆள் இல்லை. ரப்பர் விலை ஏறின வருடம் சுமாரான படமும் மூன்று வாரம் நின்றது. தவக்காலத்தில் பாதி ஊர் சினிமா பார்க்காது. அதற்கெல்லாம் சேர்த்துக் கிறிஸ்துமஸ் வாரத்தில் கதவை மூட முடியாமல் கூட்டம் நெரியும். ஓணத்துக்கு மலையாளப் படம் போட்டால்தான் கல்லா நிறையும். டிசம்பர் 3-ஆம் தேதி கோட்டாறு சவேரியார் திருவிழா விடுமுறை. அன்றைக்குக் கூட்டம் முழுக்க நாகர்கோவில் போய்விடும், நமக்குக் காலி நாற்காலி. இதில் எதுவும் படத்தின் குற்றம் இல்லை. ஆனால் சென்னையில் பேசும்போது 'டி.கே.யில் படம் எடுபடவில்லை' என்று ஒரே வரியில் முடிந்துவிடும்.

அதனால்தான் உன் படம் 'விழுந்துவிட்டது' என்று நீ சொன்னபோது எந்த ஊரில், எந்த மழையில் என்று கேட்கத் தோன்றியது.

போன மாதம் நீ விளக்கிய ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிவதற்கு முன்னாலேயே அந்த வார இறுதி வசூலைச் சொல்லிவிடுவார்களாம். வெள்ளியும் சனியும் நிஜக் கணக்கு, ஞாயிறு உத்தேசம், சரியான எண் திங்கள்கிழமைதான் வரும். வராத ஆளை எப்படி எண்ணுவது? அந்த உத்தேசத்தைப் பார்த்துவிட்டுத்தான் நீ ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தாய். இனிமேல் சரியான எண் வரும் வரைக்கும் பொறு. அப்புறம், அந்த மொத்த வசூலில் ஏறக்குறைய பாதி தியேட்டர்காரனுக்குப் போய்விடும், சீனாவில் ஓடினால் வெளிநாட்டுப் படக்காரனுக்குக் கிடைப்பது கால்வாசிதான், விளம்பரச் செலவு பட்ஜெட் கணக்கில் வராது என்பதெல்லாம் என்னைவிட உனக்கே நன்றாகத் தெரியும்.

நீ இருக்கும் கொரியாவை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அங்கே பணத்தைவிட ஆளைத்தான் முதலில் சொல்கிறார்கள் என்றாயே, அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். தியேட்டர்கள் எல்லாம் அரசாங்கத் திரைப்படக் கவுன்சிலின் ஒரே கம்ப்யூட்டரோடு இணைந்திருக்கின்றன, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று யார் வேண்டுமானாலும் தினமும் பார்த்துக்கொள்ளலாம். 5 கோடி ஜனம் உள்ள நாட்டில் 1 கோடிப் பேர் பார்த்தால் அதற்குத் தனி மரியாதை. 'அவதார்' அப்படி 1 கோடி தாண்டிய முதல் வெளிநாட்டுப் படம், பிறகு 2014-இல் வந்த 'இன்டர்ஸ்டெல்லார்' படமும் தாண்டியது என்று நீதான் சொன்னாய். டிக்கெட் விலை ஏறினால் வசூல் ஏறும், தலை ஏறாது. நம் ஊரில் அப்படி ஒரு பொதுக்கணக்கு இன்றுவரை கிடையாது. போஸ்டரில் 100 கோடி, 200 கோடி என்று போடுகிறார்கள், சரிபார்க்க ஆள் இல்லை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. நான் முதலில் வேலைக்குப் போன தியேட்டரில் இரண்டு நோட்டு இருந்தது. ஒன்று உள்ளதை எழுதுவதற்கு, இன்னொன்று ரெப்பிடம் காட்டுவதற்கு. ஆறு மாதம் நானும் அந்த இரண்டாவது நோட்டை எழுதினேன். வந்து உட்கார்ந்து, கைதட்டி, அழுதுவிட்டுப் போன ஆட்கள் என் பேனாவில் இல்லாமல் போனார்கள். அந்த உறுத்தலில்தான் அந்த இடத்தை விட்டு இங்கே வந்தேன். இங்கே 27 வருடத்தில் ஒரு தலையைக்கூடக் கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை.

1999 உனக்கு நினைவிருக்கும். உனக்கு எட்டு வயது. தவக்காலத்தின் கடைசி வாரம், வேற்றுக்கிரகத்துக் கப்பல் வரும் ஒரு டப்பிங் படம் போட்டிருந்தோம். நாகர்கோவிலில் ஓடி, தக்கலையில் ஓடி, கீறல் விழுந்த பிரிண்ட்டாக நமக்கு வந்தது. நாலாவது நாள் செகண்ட் ஷோவுக்கு 10 பேர். ஆட்டத்தை ரத்து செய், காசைத் திருப்பிக் கொடு என்று முதலாளி சொல்லிவிட்டார். வந்தவர்களில் ஒரு ரப்பர் வெட்டுத் தொழிலாளி, மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மூன்று மைல் நடந்து வந்திருந்தார். அவரிடம் போய் எப்படிச் சொல்வது? ஓட்டிவிடலாம் முதலாளி என்று கெஞ்சினேன். நீ அன்றைக்கு எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், வீட்டுக்குப் போகமாட்டேன் என்று கவுண்டருக்குள்ளேயே நின்றாய். ரெப் தலை எண்ணுவாரே என்று என் பையிலிருந்து காசு போட்டு உனக்கும் ஒரு பெஞ்ச் டிக்கெட் கிழித்தேன். புத்தகத்தில் 11 என்று எழுதினேன். மறுநாள் படப்பெட்டி போய்விட்டது. விநியோகஸ்தர் கணக்கில் அது சுத்த நஷ்டம்.

திரும்பி நடக்கும்போது நீ கேட்டாய், "அப்பா, அங்கேயும் மழை பெய்யுமா?" அந்தக் கேள்வியை நீ அதன்பிறகு விடவே இல்லை. பள்ளிக்கூடம், கல்லூரி, இப்போது கொரியாவில் ஆராய்ச்சிக்கூடம் வரைக்கும் அதைத்தான் தூக்கிக்கொண்டு நடக்கிறாய். அந்த 11-இல் ஒன்று நீதான், மக்களே. மற்ற 10 பேரும் வீட்டுக்கு எதைக் கொண்டுபோனார்கள் என்று எனக்குத் தெரியாது. டி.சி.ஆர். புத்தகத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

'பிளேடு ரன்னர்' பற்றி நீ ஒரு தடவை மணிக்கணக்கில் பேசியது ஞாபகம் இருக்கிறதா? 1982 ஜூன் 25-இல் வந்து, இரண்டு வாரம் முன்னால் வந்திருந்த 'ஈ.டி.'யின் கூட்டத்துக்கு முன் நிற்க முடியாமல் போன படம். இன்றைக்கு உங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் அதைப் பார்க்காதவர்களே இல்லை என்று சொன்னாய். தோற்ற படமெல்லாம் பிறகு ஜெயிக்கும் என்று நான் சொல்லமாட்டேன், அது பொய். எத்தனையோ படம் போனது போனதுதான். உன் படத்துக்கும் அப்படி ஆகலாம். அது உனக்கு வருத்தம் என்றால் எனக்கும் வருத்தம்தான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மூன்று வாரமாகத் தினமும் வசூலைச் சொல்கிறாய். கதையை இன்னும் சொல்லவில்லை. கப்பல் எங்கே போகிறது? யார் திரும்பி வருகிறார்கள்? எந்த இடத்தில் நீ அழுதாய்? வேலை வேலை என்று ஓடுகிறவள், முதலில் படத்தைப் பார்த்தாயா என்றே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. பார்க்கவில்லை என்றால் எடுத்துவிடுவதற்குள் போய்ப் பார்.

நாகர்கோவிலில் அந்தப் படம் இன்னும் ஓடுகிறது, ராத்திரி ஒரே ஒரு ஆட்டம். புதன்கிழமை அம்மாவும் நானும் போகிறோம். திரும்பி வர பஸ் கிடைக்காது என்று பக்கத்து வீட்டுக்காரரின் ஆட்டோவைச் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் மகனிடம் சொல்லி இந்தக் கடிதத்தையும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். ஏத்தங்காய் உப்பேரி வியாழன் பார்சலில் வரும். அன்றைக்கு இங்கே ராத்திரி எட்டுக்கு, அங்கே பதினொன்றரைக்குக் கூப்பிடுகிறேன். தூங்கிவிடாதே.

அன்புடன்,
அப்பா