சோதித்தவரை மட்டும் குற்றம் சொன்னால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தொழிற்சாலை விபத்துச் செய்தி எது வந்தாலும் கடைசிப் பத்தியில் 'சோதனை செய்த ஊழியரின் கவனக்குறைவே காரணம்' என்று ஒரு வரி வந்துவிடுகிறது, அத்தோடு விஷயமும் முடிந்துவிடுகிறது. பராமரிப்புப் பிரிவில் வேலை பார்ப்பவன் என்பதால் சொல்கிறேன், கேள்வியே அங்கேதான் தொடங்க வேண்டும்.

2005 டிசம்பரில் இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் என்ன நடந்தது? பெட்ரோல் நிரம்பிக்கொண்டிருந்த தொட்டியின் அளவுகாட்டி ஒரே இடத்தில் சிக்கி நின்றுவிட்டது. சரி, அப்படி நடந்தால் காப்பாற்றத்தானே தனியாக ஒரு சுவிட்ச் இருந்தது, தொட்டி நிரம்பும் முன் பெட்ரோல் வருவதைத் தானாக நிறுத்த? அந்தச் சுவிட்சைச் சோதித்துப் பார்க்க ஒரு லீவர் உண்டு, சோதித்து முடித்ததும் லீவரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து ஒரு சின்னப் பூட்டுப் போட்டுவிட வேண்டும். யாரும் கை வைக்காமல் இருக்கத்தான் பூட்டு என்று அங்கே நினைத்திருக்கிறார்கள். பூட்டு இல்லாவிட்டால் சுவிட்சே வேலை செய்யாமல் போகலாம் என்பது அவர்களுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. பூட்டும் போடவில்லை. இரண்டரை லட்சம் லிட்டருக்கு மேல் பெட்ரோல் வழிந்து, ஆவியாகி வெடித்தது, 40-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். ஞாயிறு அதிகாலையாகப் போனதால் உயிர்ப்பலி இல்லை. இதில் கவனக்குறைவு யாருடையது, சொல்லுங்கள்.

இன்னொன்று, கண்ணுக்கும் எல்லை உண்டு. வரிசையாக நூறு வெல்டிங் இணைப்பு நன்றாக இருந்தால் அடுத்ததைக் கண் பார்க்கும், மூளை பார்க்காது. ரேடார் திரையைக் கவனிப்பவர்களை மனதில் வைத்து நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளர் செய்த சோதனையில், அரை மணி நேரத்திலேயே ஆட்கள் தவறவிடுவது கூடியது, அது 1948-லேயே வெளியான விஷயம். ஆனால் இன்றைக்கும் ஷிப்ட் முழுக்க ஒரே ஆளை விரிசல் தேட விட்டுவிட்டு, பக்கத்திலேயே நின்று "எப்போ ஸ்டார்ட் பண்ணலாம்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் மருந்தாக, சோதனைத் தாளில் இன்னொருவரும் போடும் இரண்டாவது கையெழுத்தைச் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. 'அவர் பார்த்திருப்பார்' என்று இவரும் 'இவர் பார்த்துக்கொள்வார்' என்று அவரும் கையெழுத்துப் போட்டால் ஒருவர்கூடப் பார்க்கவில்லை என்றுதானே அர்த்தம்? முதல் ஆளின் தாளைக் காட்டாமல் இரண்டாமவரைச் சோதிக்கச் சொன்னால் கொஞ்சம் பலன் இருக்கும். செக்லிஸ்ட்டில் டிக் அடிக்கச் சொல்வதற்குப் பதில் பிரஷர் கேஜ் காட்டிய எண்ணை எழுதச் சொல்லலாம், எண்ணை எழுத வேண்டுமானால் கேஜ் முன்னால் போய் நின்றுதான் ஆக வேண்டும். அப்புறம், சோதனைக்காக மூடிய வால்வைத் திரும்பத் திறந்தாயிற்றா என்று பார்ப்பதைத் தனி வேலையாக, தனி ஆளிடம் கொடுக்கட்டும்.

அடுத்த முறை இப்படிச் செய்தி வரும்போது, அந்த ஊழியர் தொடர்ந்து எத்தனை மணி நேரம் வேலையில் இருந்தார், அந்தக் கருவியைப் பற்றி அவருக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று உங்கள் நிருபர் நிர்வாகத்திடம் கேட்டு, கிடைத்த பதிலையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
பராமரிப்புப் பிரிவு ஊழியர் ஒருவர்