எல்லையைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்: பொது அறிவு வினாத்தாள் அமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வினாத்தாள் அமைப்போருக்கு,

வணக்கம். ஐரோப்பாவின் மிக உயர்ந்த சிகரம் எது என்று கேட்டு, எல்பிரஸ், மான்ட் பிளாங்க் இரண்டையும் தெரிவுகளில் வைத்து, எல்பிரஸ் மட்டுமே சரி என்று விடைக்குறிப்பு வெளியிட்டிருக்கிறீர்கள். ஆட்சேபணைகளையும் தள்ளிவிட்டீர்கள்.

காகசஸ் மலைகளில் உள்ள எல்பிரஸ் 5,642 மீட்டர். ஆல்ப்ஸ் மலைகளில் உள்ள மான்ட் பிளாங்க் ஏறத்தாழ 4,806 மீட்டர். உயரத்தில் யாருக்கும் ஐயமில்லை. ஐரோப்பா எங்கே முடிகிறது என்பதில்தான் சிக்கல். கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் இடையே நீளும் காகசஸ் மலைத்தொடரின் முகட்டை எல்லையாக வைத்தால், அதற்குச் சற்று வடக்கே நிற்கும் எல்பிரஸ் ஐரோப்பாவில் சேரும். இன்னும் வடக்கே கிடக்கும் கூமா-மானிச் தாழ்நிலத்தை எல்லையாக வைத்தால் காகசஸ் முழுவதும் ஆசியாவுக்குப் போய்விடும். அப்போது மான்ட் பிளாங்க்தான் விடை. இந்த இரண்டாவது எல்லை வம்புக்குச் சொல்வதல்ல. பாடநூல்களில் இதையே வரையுங்கள் என்று 1958இல் பரிந்துரைத்தது சோவியத் புவியியல் கழகம். எல்பிரஸ் நிற்பதோ அன்றைய சோவியத் மண்ணில்! இதையெல்லாம் தேடிப் படித்த மாணவருக்கு மதிப்பெண் போகிறது. தவறான விடைக்குக் கழிக்கும் தேர்வென்றால் இருப்பதிலும் கொஞ்சம் போகிறது. ஒற்றை வரியை உருப்போட்டவர் தப்பித்துக்கொள்கிறார். இது எந்த ஊர் நியாயம்?

அதனால்தான் கேட்கிறோம்: எல்லையைச் சொல்லிவிட்டு வினாவைக் கேளுங்கள். 'காகசஸ் முகட்டை எல்லையாகக் கொண்டால்' என்ற நான்கே சொற்கள் போதும்.

ஆஸ்திரேலியாவிலும் இதே கதைதான். பெருநிலத்தை மட்டும் எடுத்தால் 2,228 மீட்டர் கொசியுஸ்கோ. நியூகினித் தீவும் அதே கண்டத்திட்டில் (கண்டத்தை ஒட்டிக் கடலடியில் நீளும் ஆழமற்ற நிலப்பரப்பில்) இருப்பதால் அதைச் சேர்த்தால் 4,884 மீட்டர் புன்சாக் ஜெயா. கண்டங்கள் எத்தனை என்ற வினா இன்னும் மோசம். இந்தியாவிலும் சீனாவிலும் ஏழு. லத்தீன் அமெரிக்க நாடுகள் பலவற்றில் அமெரிக்கா முழுவதும் ஒன்றே, ஆகவே ஆறு. ரஷ்யப் பள்ளிகளிலும் ஆறுதான்; ஆனால் அங்கே யூரேசியா ஒன்று, அமெரிக்கா இரண்டு. எண் ஒன்றாக இருந்தும் பட்டியல் வேறு. ஒலிம்பிக் வளையங்கள் ஐந்து கண்டங்களைக் குறிக்கின்றன. புவியின் மேலோட்டில் மெல்ல நகரும் பெரும் பாளங்களான புவித்தட்டுகளை வைத்துத் தீர்த்துவிடலாம் என்றால் அதுவும் நடக்காது: வட அமெரிக்கத் தட்டு கிழக்கு சைபீரியா வரை நீள்கிறது, இந்தியா தனித் தட்டில் இருக்கிறது.

எல்லை என்பது மனிதர் செய்துகொண்ட ஏற்பாடு என்று சொல்லித்தரவேண்டிய பாடத்தை, நான்கு வட்டங்களில் ஒன்றைக் கருப்பாக்கும் வேலையாகச் சுருக்கிவிட்டோம். வழிகாட்டி நூல்கள் உங்கள் விடைக்குறிப்பை அப்படியே அச்சிடுகின்றன. அடுத்த ஆண்டு அதே நூல்களைப் பார்த்து மீண்டும் வினா எடுக்கப்படுகிறது. இப்படியே எத்தனை ஆண்டுகள்?

பணிவுடன் மறுபடியும் கேட்டுக்கொள்கிறோம். கண்டம் பற்றிய எந்த வினாவிலும் எந்த எல்லை, எந்த முறை என்பதை வினாவிலேயே எழுதுங்கள். முடிந்துபோன இந்தத் தேர்வில் மான்ட் பிளாங்க் என்று குறித்தவர்களுக்கும் மதிப்பெண் வழங்கி, திருத்திய விடைக்குறிப்பைத் தரவரிசைப் பட்டியலுக்கு முன்பே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
புவியியல் ஆசிரியர்கள் சிலர்