ஆயிரம் லெட்டர் வந்தா அடுத்த கதை

மாப்ள,

உன் மெயில் பாத்தேன், அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு கேட்டப்புறம்தான் மனசு ஆறுச்சு. பிசியோதெரபிய மட்டும் பாதில விட்றாதீங்க. இங்க எல்லாரும் சுகம், சின்னவன் ஆறாவது போயிட்டான்.

பாப்பா, டோரத்திங்குற பொண்ணு ஓஸ்ங்குற மாய நாட்டுக்குப் போற அந்தக் கதைய முடிச்சிட்டு 'அப்புறம் என்னாச்சு'ன்னு உன்ன தூங்கவிடலன்னு எழுதியிருந்த, கூடவே இந்த பார்ட் டூ, பார்ட் த்ரீ எல்லாம் பப்ளிஷர்ஸ் காசு பாக்க கண்டுபுடிச்சதுன்னும் சொல்லியிருந்த. அத நான் ஒத்துக்கமாட்டேன்டா. அந்தக் காலத்துல அடம்புடிச்சு கேட்டு வாங்குனதே பிள்ளைங்கதான்.

நாலு அக்கா தங்கச்சிங்க கதையான லிட்டில் விமன் நாவலயே எடுத்துக்கோ. 1868 செப்டம்பர் கடைசில முதல் பாகம் வருது, நவம்பர் 1ந்தேதி அத எழுதுன லூயிசா மே ஆல்காட் அடுத்த பாகத்துக்கு உக்காந்துட்டாங்க, ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம்னு. அதுக்குள்ள பொண்ணுங்ககிட்ட இருந்து லெட்டரா வருது, அந்த அக்கா தங்கச்சிங்கெல்லாம் யாரக் கட்டிக்குவாங்கன்னு. பொம்பளைக்கு கல்யாணம் ஒண்ணுதான் லட்சியமா, யாரையும் சந்தோஷப்படுத்த அதுல ரெண்டாவது பொண்ணு ஜோவ பக்கத்து வீட்டுப் பையன் லாரிக்கு கட்டிக்குடுக்க மாட்டேன்னு டைரில எழுதிவச்சாங்க, சொன்னபடியே 1869ல வந்த ரெண்டாம் பாகத்துல ஜோவுக்கு வயசுல மூத்த ஒரு ஜெர்மன் வாத்தியார மாப்பிள்ளையாக்கிட்டாங்க. அந்தப் பிடிவாதம் எனக்கு ரொம்பப் புடிக்கும்.

ஓஸ் எழுதுன ஃப்ராங்க் பாம் பிள்ளைங்க பேச்ச தட்டவே தெரியாதவர். முதல் புக் 1900ல வந்துச்சு. டோரத்தின்னே பேருள்ள ஒரு குட்டிப் பொண்ணு ரொம்ப தூரத்துல இருந்து அவரப் பாக்க வந்து, அந்த சோளக்கொல்லை பொம்மையும் தகர மனுஷனும் வர்ற மாதிரி இன்னொரு கதை வேணும்னு கேட்டிருக்கா, இவரும் ஆயிரம் பொண்ணுங்க ஆயிரம் லெட்டர் போட்டா எழுதுறேன்னு வாக்கு குடுத்திருக்கார். நடுவுல 1902ல அந்தக் கதைய நாடகமா போட்டு அது ஓஹோன்னு ஓட, லெட்டர் ஆயிரத்தையும் தாண்டிருச்சுன்னு 1904ல வந்த ரெண்டாவது புக்கோட முன்னுரைல அவரே சொல்றார்.

ஆனா அவருக்கு வேற கதையெல்லாம் எழுதணும்னு ஆசை. 1910ல ஆறாவது புக்குல ஒரேயடியா கதவ சாத்திட்டார். கடன்ல பண்ணை போகப்போற மாமாவையும் அத்தையையும் டோரத்தி ஓஸுக்கே கூட்டிட்டுப் போயிடுறா, அப்புறம் கிளிண்டாங்குற நல்ல சூனியக்காரி மந்திரம் போட்டு அந்த நாட்டையே யார் கண்ணுக்கும் தெரியாம மறைச்சிடுறா. கடைசில டோரத்திகிட்ட இருந்து ஒரு சீட்டு வருது, நாரையோட வெள்ளை இறகுல எழுதுனது, இனிமே எங்களப் பத்தி உங்களுக்கு எந்த சேதியும் வராதுன்னு. அத படிச்ச பிள்ளைங்க எப்படி அழுதிருக்கும்!

அடுத்த வருஷமே மனுஷன் திவால் ஆயிட்டார், 1908ல படமும் மேடையுமா ஊர் ஊரா போட்ட ஷோ அவர கடன்ல தள்ளிருச்சு. புதுசா எழுதுன ரெண்டு கதையும் ஓஸ் அளவுக்கு விக்கல. அதனால பணமுடையும் ஒரு காரணம், நீ சொல்றதுல அவ்வளவு நியாயம் இருக்கு. ஆனா வழி காட்டுனது ஒரு பிள்ளைதான், ஓஸ் கண்ணுக்குத்தானே தெரியாது, ஒயர்லெஸ் தந்தில டோரத்திகிட்ட பேசலாமேன்னு. அவரும் கொல்லைல உசரமா ஒரு டவர் கட்டி, தந்தி அடிக்கக் கத்துக்கிட்டு ஓஸுல இருந்து சேதி வாங்குனேன்னு சொல்லித்தான் 1913 புக்க ஆரம்பிக்கிறார். ஒரு பிள்ளையோட யோசனைய இவ்வளவு மரியாதையா எடுத்துக்கிட்ட எழுத்தாளர் எத்தன பேர் சொல்லு? அதுக்கப்புறம் நிறுத்தவே இல்ல, 1919ல அவர் போனப்புறம் வந்தது பதினாலாவது.

நீ சொல்ற வியாபாரம் அந்தக் காலத்துல பிள்ளைங்களுக்கு வரிசையா கதைப் புக்கு தயார் பண்ணுன ஸ்ட்ரேட்மேயர் கம்பெனிக்குத்தான் பொருந்தும். கதைச் சுருக்கத்த இவங்க குடுப்பாங்க, கூலிக்கு இன்னொருத்தர் எழுதணும், அட்டைல போடுறது கற்பனையா ஒரு ஆளோட பேரு. 1930ல நான்சி ட்ரூங்குற துப்பறியுற பொண்ணோட கதை மூணு புக்கு ஒரே நேரத்துல வந்துச்சு, எழுதுன மில்ட்ரெட் வர்ட்டுக்கு புக்குக்கு 125 டாலர், பேரு மட்டும் கேரலின் கீன்.

ரெண்டாவது ஓஸ் புக்க பாப்பாகிட்ட குடுக்குறப்ப அதுல டோரத்தி வரமாட்டான்னு முன்னாடியே சொல்லிடு. அன்னிக்கும் பிள்ளைங்க அத கேட்டுத்தான் 1907ல மூணாவதுல அவளக் கொண்டுவந்தார். ரெண்டுமே பழைய புக்கெல்லாம் இருக்குற குட்டன்பர்க் சைட்ல ஃப்ரீயா கெடைக்கும், ஜான் நீல் வரைஞ்ச படத்தோட இருக்குறதா பாத்து எடு.

உன்
மச்சான்