அந்த அறையைத் திறந்துவிடு அம்மா

சிங்கப்பூர்,
மே மாதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் வீட்டில்தானே இருப்பார், தினமும் எண்ணெய் தேய்த்துவிடு.

சனிக்கிழமை காலையில் எங்கள் பிளாக்குக்குக் கீழேயே யோகா வகுப்பு நடக்கிறது. சொல்லித் தருவது ஒரு சீனத்து அம்மா. எந்த ஊர் என்று கேட்டார். மண்டபம் என்றேன், தெரியவில்லை. ராமேஸ்வரம் பக்கம் என்றதும், "பதஞ்சலி சமாதி இருப்பதாகச் சொல்வார்களே, அந்த ஊரா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கோயிலுக்கு எத்தனை தடவை போயிருப்போம்! எனக்கு அந்த நினைப்பே வந்ததில்லை.

வகுப்பில் அவர் சொன்னார்: யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி, ஆசனத்துக்கு முன்னாலேயே ஐந்து இயமங்களை, அதாவது நம்மை அடக்கிக்கொள்ளும் ஒழுக்கங்களைச் சொல்கிறார். அகிம்சை, சத்தியம், திருடாமை, பிரம்மச்சரியம், கடைசியாக அபரிகிரகம். தேவைக்கு மேல் சேர்க்காமல், இருப்பதையும் 'எனது' என்று இறுக்கிப் பிடிக்காமல் இருப்பது. சமணர்களின் ஐந்து விரதங்களிலும் இது உண்டு.

கேட்டதும் எனக்கு அம்மாச்சி ஞாபகம்தான் வந்தது. கடல்பாசி எடுக்கப் போகும்போது விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, முட்டளவு தண்ணீரில் குனிந்து, பாறையில் அடியை விட்டுவிட்டு மேலே மட்டும் கிள்ளுவாள். நான் கொத்தாக இழுத்தால் கையிலேயே ஒரு தட்டு. "அடியை விடுடி, திரும்ப முளைக்கணும்ல."

துணிமணி, பாத்திரம் எல்லாம் எனக்குச் சுலபமாகவே போய்விட்டது. அலமாரியில் பாதியைக் கொடுத்துவிட்டேன். ஆனால் அம்மா, இங்கே அரிசி டப்பாவுக்குப் பின்னால் நம் வீட்டில் இருக்கும் என் அறையின் சாவி இருக்கிறது. கல்யாணமாகி ஒன்பது வருஷமாக யாரும் அதைத் திறக்கக்கூடாது என்று இங்கே வைத்துக்கொண்டிருக்கிறேன். தம்பி மகளோ டிவி ஓடுகிற கூடத்தில் உட்கார்ந்து படிக்கிறாள். ஜூனில் பத்தாவது போகப்போகிறாள். இதை நினைத்து இரண்டு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. நீ ஒரு வார்த்தை கேட்டதில்லை, அதுதான் இன்னும் வலிக்கிறது.

சாவி வரும்வரை காத்திருக்க வேண்டாம், பூட்டை உடைத்துவிடு. ஜன்னலோரம் மேசையைப் போட்டுக் கொடு, கடல் காற்று நன்றாக வரும். பீரோவில் இருக்கும் என் சேலைகளை யாருக்கு வேண்டுமோ கொடு.

சங்கும் சோழியும் போட்டு வைத்திருக்கும் மரப்பெட்டியை மட்டும் எனக்கு எடுத்து வை என்றுதான் எழுத வந்தேன். வேண்டாம் அம்மா, அதையும் அவளே வைத்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
உன் மகள்