நான்கு மணி அலாரத்தை நிறுத்துங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பொதுத்தேர்வு நெருங்குகிறது. பல வீடுகளில் பிள்ளைகள் இரவு 11.30 மணிக்குப் படுக்கிறார்கள். விடியற்காலை 4 மணிக்கு எழுப்பிவிடுகிறோம். முதல் பாடவேளை முடிவதற்குள் தலை மேசையில் சாய்ந்துவிடுகிறது. இந்தப் பழக்கத்தை இந்த வாரமே விட்டுவிடும்படி கேட்டுக்கொள்ளத்தான் இக்கடிதம்.

தூக்கம் இரவு முழுக்க ஒரே மாதிரி ஓடுவதில்லை. முதலில் சில நிமிடம் கண்ணயர்வு, பிறகு லேசான தூக்கம், அடுத்து உலுக்கினாலும் எழாத ஆழ்ந்த தூக்கம். அதன்பின், மூடிய இமைக்குள் விழிகள் அங்குமிங்கும் ஓடும் கனவுத் தூக்கம். இந்த நிலையைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் 1953-இல்தான் உலகுக்குச் சொன்னார்கள். இந்த நிலைகள் எல்லாம் சேர்ந்தது ஒரு சுற்று; அது முடிய ஏறக்குறைய 90 நிமிடம் ஆகும். ஓர் இரவில் ஐந்து சுற்றாவது வேண்டும். முன்னிரவில் ஆழ்ந்த தூக்கம் அதிகம். பின்னிரவில் அது குறைந்து, லேசான தூக்கமும் கனவுத் தூக்கமும் நீள்கின்றன. 11.30-க்குப் படுத்த பிள்ளையை 4-க்கு எழுப்பினால் மூன்று சுற்றுதான் முடிந்திருக்கும். கனவுத் தூக்கத்தின் பெரும்பகுதி விடுபட்ட அந்த இரண்டு சுற்றில்தான் இருக்கிறது. படித்ததை மூளை நிலைநிறுத்துவது தூக்கத்தில்தான். காலையில் இயற்பியல் படிக்க வேண்டும் என்று, இரவு படித்த வேதியியலை முழுதாகப் பதியவிடாமல் செய்கிறோம்.

“அந்தக் காலத்தில் நாங்கள் நாலு மணிக்கு எழுந்து படிக்கவில்லையா?” என்று கேட்பீர்கள். அன்று எட்டு மணிக்கெல்லாம் ஊர் அடங்கிவிடும், தூக்கக் கணக்கு சரியாக இருந்தது. இன்னொன்றும் உண்டு. பருவ வயதில் தூக்கத்தை அழைக்கும் மெலடோனின் சுரப்பு ஒன்றிரண்டு மணி நேரம் பின்தள்ளிப் போகிறது. ஒன்பது மணிக்குத் தூக்கம் வரவில்லை என்று பிள்ளை சொன்னால் அது பிடிவாதம் இல்லை, உடல்வாகு. 13 முதல் 18 வயது வரை தினமும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை.

ஆகவே இரவு 10 மணிக்குப் படுக்கை, காலை 6 மணிக்கு விழிப்பு. ஒரே நாளில் மாற்றினால் பிள்ளை படுக்கையில் புரண்டுகொண்டுதான் இருக்கும். படுக்கும் நேரத்தை இரண்டு நாளைக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னே கொண்டுவாருங்கள். எழும் நேரம் மட்டும் முதல் நாளிலிருந்தே 6 மணி என்று நிலையாக இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போக வேண்டாம். எழுந்ததும் கால் மணி நேரம் மொட்டை மாடியிலோ வாசலிலோ வெளிச்சத்தில் நிற்கட்டும். மாலை 4 மணிக்குப் பிறகு டீ, காபி கூடாது: குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும் அதன் காஃபீனில் பாதி உடம்பில் நிற்கும். இரவில் செல்போன் உங்கள் அறையில் சார்ஜ் ஆகட்டும். பகலில் அசதியாக இருந்தால் 20 நிமிடம் தூங்கலாம். அதற்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் எழ நேர்ந்து, அரை மணி நேரம் மந்தமாகவே இருக்கும்.

தூக்கம் கெட்ட பிள்ளைகளிடம் ‘அமுக்குவான் பேய்’ புகார் அதிகம் வரும். விழித்துவிட்டது, ஆனால் கைகால் அசையவில்லை, நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது போலிருக்கும். கனவு காணும்போது நாம் எழுந்து ஓடிவிடாதபடி மூளை தசைகளைக் கட்டிப்போடுகிறது. கட்டு அவிழும் முன்பே விழிப்பு வந்துவிடுவதுதான் இது. ஓரிரு நிமிடத்தில் தானே விலகும். மந்திரிக்க அழைத்துப் போனால் பயம்தான் கூடும். ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள், தூக்க நேரத்தை ஒழுங்குபடுத்துங்கள்.

தூக்கத்தில் எழுந்து நடப்பதும், அலறி எழுவதும் வேறு. இவை முன்னிரவின் ஆழ்ந்த தூக்கத்தில் வருபவை, காலையில் பிள்ளைக்கு நினைவிருக்காது. உலுக்கி எழுப்பாமல் மெல்ல அழைத்துப் போய்ப் படுக்க வையுங்கள். மாடிப்படிக் கதவைத் தாழிடுங்கள்.

குறட்டையை மட்டும் தயவுசெய்து அலட்சியப்படுத்தாதீர்கள். “நல்லா தூங்குறான்” என்று நினைத்துவிடுகிறோம். வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் குறட்டை, வாயால் மூச்சு, இடையில் மூச்சு நின்று திணறல் இருந்தால், தொண்டையில் உள்ள டான்சிலோ, மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதையோ வீங்கி மூச்சு வழியை அடைத்திருக்கலாம். இப்படிப்பட்ட குழந்தை பகலில் தூங்கி வழிவதைவிடத் துறுதுறுவென்று, கவனம் நிற்காமல் திரிவதே அதிகம்; வகுப்பில் சேட்டைக்காரன் என்று பெயர் வாங்கிவிடும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறலைச் செல்போனில் ஒரு நிமிடம் படம் எடுத்துக்கொண்டு போனால் மருத்துவருக்கு உதவும்.

பள்ளியின் பங்காக, காலைச் சிறப்பு வகுப்பு திங்கள் முதல் 7.30-க்குப் பதில் 8.30-க்குத் தொடங்கும். அன்றிலிருந்து ஏழு நாள், பிள்ளை படுத்த நேரம், எழுந்த நேரம், குறட்டை உண்டா என்பதை நாட்குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, கையொப்பமிட்டு வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்