உடையை மட்டும் கொண்டுவந்த படங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடியோ விளையாட்டுகளைத் தழுவி எடுக்கப்படும் ஆக்‌ஷன் படங்கள் ஏன் சோபிப்பதில்லை என்பது குறித்துத் தங்கள் நாளிதழின் சினிமா பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கொலையாளிகளை நாயகர்களாகக் கொண்ட மூன்று படங்களை, அதாவது 2007-இல் வந்த ‘ஹிட்மேன்’, 2015-இல் வந்த ‘ஹிட்மேன்: ஏஜென்ட் 47’, 2016-இல் வந்த ‘அசாசின்ஸ் கிரீட்’ ஆகியவற்றை எடுத்துக்காட்டி, விளையாட்டுகளில் கதை என்று ஒன்று கிடையாது, சுடுவதும் வெட்டுவதும்தான் உண்டு, ஆகவே அவற்றிலிருந்து நல்ல படம் பிறக்க வழியில்லை என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். அந்தப் படங்களைப் பற்றிய அவருடைய கணிப்போடு எனக்குப் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. காரணத்தைத்தான் அவர் தலைகீழாகச் சொல்லிவிட்டார் என்று கருதுகிறேன். சுடுவதைக் கடைசி வழியாக வைத்து, காத்திருப்பதையும் கவனிப்பதையும் ஒரு கலையாக வளர்த்த விளையாட்டுகளை எடுத்துக்கொண்டு, அவற்றைத் துப்பாக்கிச் சண்டைகளால் நிரப்பியவர்கள் படக்காரர்களே.

‘ஹிட்மேன்’ விளையாட்டை உருவாக்கியது டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இயங்கும் ஐஓ இன்டராக்டிவ் நிறுவனம். முதல் விளையாட்டு 2000-ஆம் ஆண்டில் வெளியானது. மொட்டைத் தலை, பிடரியில் பார்கோடு, கறுப்பு கோட்டு, வெள்ளைச் சட்டை, சிவப்பு டை என்று அதன் நாயகன் ஏஜென்ட் 47-ஐ விளையாடாதவர்களும் சுவரொட்டிகளில் பார்த்திருப்பார்கள். குற்றவாளிகள் ஐவரின் மரபணுவைக் கலந்து ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டவன் அவன். ஆனால் அந்தத் தோற்றத்துக்குப் பின்னால் விளையாட்டு நம்மிடம் கேட்பது வேறு. ஒரு மாளிகையோ விருந்தோ மருத்துவமனையோ நம் முன் விரிகிறது. குறிக்கப்பட்ட ஆள் எந்த வேளையில் எங்கே நடக்கிறார், எந்தக் கோப்பையில் குடிக்கிறார், எப்போது காவலர்களை விலக்கிவிட்டுத் தனியாக நிற்கிறார் என்பதையெல்லாம் பொறுமையாக நோட்டமிட வேண்டும். பரிசாரகர், சமையற்காரர், குழாய் பழுது பார்ப்பவர் என யாருடைய உடையிலாவது புகுந்து, யார் கண்ணையும் உறுத்தாமல் காரியத்தை முடித்து வெளியேற வேண்டும். குறிக்கப்பட்டவரைத் தவிர வேறொருவரும் சாகாமல், யாரும் நம்மைக் கண்டுகொள்ளாமல் முடித்தால்தான் ‘சைலன்ட் அசாசின்’ என்னும் உச்சத் தரம் கிடைக்கும். குறுக்கே வந்தவர்களையெல்லாம் சுட்டுத் தள்ளியும் வெளியேறலாம்தான். ஆனால் அது திறமையற்றவன் வேலை என்று மதிப்பெண் பட்டியலே சொல்லிவிடும்.

இதற்குக் கதை இல்லை என்பவர்கள் 2006-இல் வந்த ‘பிளட் மணி’ என்னும் பாகத்தில் உள்ள பாரிஸ் ஓப்பரா அரங்கை ஒருமுறை பார்க்க வேண்டும். அங்கே இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் ‘டோஸ்கா’ இசை நாடகத்துக்கான ஒத்திகை நடக்கிறது. 1900-இல் ரோமில் முதன்முதலாக மேடையேறிய அந்த நாடகத்தில், நாயகியின் காதலனுக்குப் பெயரளவில் ஒரு பொய் மரண தண்டனை நிறைவேற்றப்படும் என்று வாக்குக் கொடுக்கப்படுகிறது. துப்பாக்கிகள் வெடித்த பிறகுதான் அது பொய்யல்ல, உண்மையான தண்டனை என்பது அவளுக்குத் தெரிய வருகிறது. விளையாட்டில் நாம் கொல்ல வேண்டியவர்களில் ஒருவர், மேடையில் அந்தக் காதலனாக நடிக்கும் பாடகர். ஒத்திகைக்கான நாடகத் துப்பாக்கியை எடுத்துவிட்டு, அதே தோற்றமுள்ள உண்மைத் துப்பாக்கியை அந்த இடத்தில் வைத்துவிட்டால் போதும். சக நடிகர் ஒருவர் தம் பாத்திரத்துக்கு உரியதைச் செய்கிறார், பாடகர் சாய்கிறார், சூழ நிற்பவர்களுக்கோ அது நடிப்பாகவே தெரிகிறது. நாடகத்தின் கதையும் அதை ஒத்திகை பார்ப்பவர்களின் விதியும் ஒரே முடிச்சில் வந்து விழும்படி இந்தக் காட்சியை அமைத்தவர்களுக்குக் கதை சொல்லத் தெரியாது என்று நான் எப்படி ஒப்புக்கொள்வேன்? இந்த விளையாட்டு வெளியான மறு ஆண்டில் வந்ததுதான் முதல் ‘ஹிட்மேன்’ படம் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். மாதிரி கண்முன்னே இருந்தது.

நம் நாட்டையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. 2018-இல் வந்த ‘ஹிட்மேன் 2’ விளையாட்டின் ஒரு பகுதி மும்பையில் நடக்கிறது. கட்டி முடிக்கப்படாத ஓர் உயர்ந்த கட்டடத்தில், தம்மையே நாயகனாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருக்கும் ஒரு தயாரிப்பாளர் அங்கே நம் மூன்று இலக்குகளில் ஒருவர். (இந்தச் சித்திரம் நம்மவர்களுக்கு அத்தனை அந்நியமாகத் தோன்றாது.) மூன்றாவது இலக்கின் முகம் யாருக்கும் தெரியாது, ஆகவே கூட்டத்தில் அவர் யார் என்பதைத் துப்புகளைக் கொண்டு முதலில் கண்டறிய வேண்டும். அதே பகுதியில் வேறொரு கொலையாளியும் தூரத்திலிருந்து குறிபார்த்துக் காத்திருக்கிறார். சூழ்நிலையைச் சற்றே மாற்றியமைத்து, நம் வேலையை அவருடைய துப்பாக்கியே செய்யும்படி விட்டுவிடவும் வழி உண்டு. கொலையாளிப் படமொன்றுக்குத் திரைக்கதை எழுத உட்காருபவருக்கு இதைவிட நல்ல முடிச்சு எங்கே கிடைக்கும்?

பத்திரிகை ஆசிரியருக்கு எழுதும்போது இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ‘பிளட் மணி’யில் ஒவ்வொரு வேலை முடிந்ததும் ஒரு செய்தித்தாளின் பக்கம் திரையில் தோன்றும். நாம் எப்படி நடந்துகொண்டோமோ அதற்கேற்பச் செய்தி மாறும். சாட்சி எவரும் இல்லாமல் முடித்திருந்தால் காவல்துறை குழம்பி நிற்கும். கண்மூடித்தனமாகச் சுட்டிருந்தால் எத்தனை பேர் இறந்தார்கள், கொலைகாரன் எப்படி இருந்தான் என்ற வருணனையோடு படமும் அச்சாகியிருக்கும். அடுத்த இடத்தில் மக்கள் நம்மை எளிதில் அடையாளம் கண்டுகொள்வார்கள். செய்த செயலுக்கு ஊர் சாட்சி சொல்லும் இந்த ஏற்பாடு எனக்குத் தெரிந்தவரை எந்த ஆக்‌ஷன் படத்திலும் இல்லை. படத்தில் ஐம்பது பேர் விழுந்தாலும் அடுத்த காட்சியில் நாயகன் புதுச் சட்டையோடு நடந்து வருகிறான், அவ்வளவுதான்.

இனி 2007-ஆம் ஆண்டுப் படத்துக்கு வருவோம். ஸேவியர் ழான்ஸ் இயக்கத்தில் டிமதி ஒலிஃபன்ட் நடித்த அந்தப் படத்தின் அடிப்படைச் சிக்கல் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. ரஷ்ய அதிபரைச் சுட்டுக் கொன்றுவிட்டதாக 47 உறுதியாக நம்புகிறான், ஆனால் அதிபர் உயிரோடு மக்கள் முன் தோன்றுகிறார். அவரைப் போன்ற தோற்றமுடைய இன்னொருவர் அவரிடத்தில் அமர்த்தப்பட்டிருக்கிறார். தன் கண்ணையும் கையையும் மட்டுமே நம்பி வாழும் ஒருவனுக்கு இதைவிடப் பெரிய சோதனை இல்லை. இந்த முடிச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தப் போலி மனிதரை நெருங்க அவன் என்னென்ன வேடம் புனைகிறான் என்று சொல்லியிருந்தாலே போதும். படமோ அந்த முடிச்சைச் சீக்கிரமே மறந்துவிட்டு, ரயில் பெட்டிக்குள் நான்கு கொலையாளிகள் துப்பாக்கிகளைக் கீழே போட்டுவிட்டு வாள்களை உருவிக்கொண்டு மோதும் காட்சியை நோக்கி ஓடுகிறது. பிடரியில் பார்கோடுடன் மொட்டைத் தலையாக அலையும் ஒருவன் வேடம் மாற்றாமல் விமான நிலையத்திலும் விடுதியிலும் உலவுவதை யாரும் கவனிப்பதில்லை என்பதை வேறு நாம் நம்ப வேண்டியிருக்கிறது. விளையாட்டிலும் அதே தலைதானே என்று கேட்கலாம். ஆனால் அங்கே அவன் சரியான உடையில், சரியான இடத்தில், தனக்கு அங்கே வேலை இருப்பவனைப் போல நடந்துகொள்கிறான். ஒருவன் முகத்தைவிட அவன் சீருடையைத்தான் உலகம் பார்க்கிறது என்னும் நுட்பமான கேலி அந்த விளையாட்டின் உயிர்நாடி. படத்தில் அதற்கு இடமே இல்லை. துரத்தல் காட்சி ஒன்றில் 47 ஜன்னலை உடைத்துக்கொண்டு ஓர் அறைக்குள் விழுகிறான். அங்கே இரண்டு சிறுவர்கள் ‘ஹிட்மேன்’ விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். ரசிகர்களுக்குக் கண்ணடிப்பதாக எண்ணி வைத்த காட்சி. திரைக்கதையை எழுதியவர்களும் அந்தச் சிறுவர்கள் பக்கத்தில் சிறிது நேரம் உட்கார்ந்திருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றியது.

2015-ஆம் ஆண்டுப் படத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நடிகர் மாறினார், ரூபர்ட் ஃபிரெண்ட் வந்தார். பெர்லினும் சிங்கப்பூரும் பளபளப்பாகத் தெரிந்தன. தோலுக்கடியில் கவசம் பொருத்திய எதிரி ஒருவன் சேர்ந்தான். முதல் படத்தை எழுதிய ஸ்கிப் வுட்ஸ்தான் இதன் எழுத்திலும் பங்கு வகித்தார் என்பது, அதே தவறுகள் திரும்பி வந்ததை ஓரளவு விளக்கும்.

இந்த இடத்தில் கட்டுரையாளரின் இன்னொரு கூற்றையும் திருத்த வேண்டும். இவற்றை அவர் ‘தோல்விப் படங்கள்’ என்று ஒட்டுமொத்தமாக எழுதியிருந்தார். 2007-ஆம் ஆண்டுப் படம் சுமார் 2.4 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்டு, உலகெங்கும் ஏறத்தாழ 10 கோடி டாலர் வசூலித்தது. 2015-ஆம் ஆண்டுப் படத்தின் செலவு சுமார் 3.5 கோடி, வசூல் 8 கோடிக்குச் சற்று மேல். தயாரித்தவர்கள் கண்ணோட்டத்தில் இவை அழுது புலம்ப வேண்டிய கணக்குகள் அல்ல. விமர்சகர்கள் திட்டினாலும் பெயரும் சுவரொட்டியும் கூட்டத்தை அழைத்து வருகின்றன என்பது தெரிந்த பிறகு, விளையாட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் அவசியம் எவருக்கும் ஏற்படவில்லை. வளம் இல்லாததால் அல்ல, வளத்தைத் தோண்டாமலே காசு கிடைத்ததால்தான் படங்கள் இப்படி அமைந்தன என்பது என் வாதம்.

‘அசாசின்ஸ் கிரீட்’ இவற்றிலிருந்து சற்று மாறுபட்டது. அதில் முயற்சி இருந்தது. இயக்குநர் ஜஸ்டின் கர்ஸல், நடிகர்கள் மைக்கேல் ஃபாஸ்பெண்டர், மரியோன் கோட்டியார் மூவரும் அதற்கு முன்புதான் ஷேக்ஸ்பியரின் ‘மக்பெத்’தை ஒன்றாகப் படமாக்கியிருந்தார்கள். 1492-ஆம் ஆண்டு ஸ்பெயினில் நடக்கும் காட்சிகளில் பாத்திரங்கள் ஸ்பானிய மொழியிலேயே பேசுகின்றன. உயரத்திலிருந்து கைவிரித்துக் குதிக்கும் புகழ்பெற்ற பாய்ச்சலை, கணினியை நம்பாமல், டேமியன் வால்டர்ஸ் என்ற சண்டைக் கலைஞர் சுமார் 125 அடி உயரத்திலிருந்து உண்மையாகவே குதித்துக் காட்டினார். இவ்வளவு அக்கறை எடுத்துக்கொண்டவர்கள் பிறகு செய்ததுதான் விசித்திரம். பழைய ஸ்பெயினைச் சில துரத்தல்களுக்குள் சுருக்கிவிட்டு, படத்தின் பெரும்பகுதியை, இன்றைய மனிதன் ஒருவன் தன் மூதாதையின் நினைவுகளுக்குள் அனுப்பப்படும் ஆய்வுக்கூடம் ஒன்றின் சாம்பல் நிறச் சுவர்களுக்கிடையே வைத்துவிட்டார்கள். விளையாடுபவர்கள் எந்தப் பகுதியைச் சீக்கிரம் கடந்துவிட நினைப்பார்களோ, அந்தப் பகுதி படமாயிற்று.

யுபிசாஃப்ட் நிறுவனத்தின் மொன்ட்ரியல் கிளை 2007-இல் வெளியிட்ட முதல் ‘அசாசின்ஸ் கிரீட்’ விளையாட்டு 1191-ஆம் ஆண்டில், மூன்றாம் சிலுவைப் போர்க் காலத்தில், ஜெருசலேம், டமாஸ்கஸ், ஏக்கர் நகரங்களில் நடக்கிறது. அதன் கொலையாளிகளுக்கு மூன்று விதிகள் உண்டு: குற்றமற்றவர் மீது கத்தி படக்கூடாது, கூட்டத்துக்கு நடுவிலேயே மறைந்திருக்க வேண்டும், சகோதரக் குழுவை ஆபத்தில் தள்ளக்கூடாது. நாயகன் அல்தாயிர் தொடக்கத்திலேயே இந்த மூன்றையும் ஆணவத்தால் மீறி, பதவி இழந்து, அடிமட்டத்திலிருந்து மீண்டும் தொடங்குகிறான். ஒன்பது பேரைக் கொல்லும்படி அவனுக்கு உத்தரவு வருகிறது. ஒவ்வொருவரைப் பற்றியும் ஒட்டுக்கேட்டும் பின்தொடர்ந்தும் விவரம் சேகரித்த பிறகுதான் அவன் நெருங்க முடியும். குத்திய பிறகு அவர்கள் உடனே சாவதில்லை. சாகும் தறுவாயில் தாங்கள் செய்ததை நியாயப்படுத்திப் பேசுகிறார்கள். அந்த நியாயத்தில் சிறிது உண்மையும் இருப்பதால், தன்னை அனுப்பிய குருவையே அல்தாயிர் மெல்ல மெல்லச் சந்தேகிக்கத் தொடங்குகிறான். கொன்றவனும் கொல்லப்பட்டவனும் எதிரெதிரே நின்று வாதிடும் இத்தகைய இடங்கள் நாடக மேடைக்கே பொருந்துபவை. ஷேக்ஸ்பியரைக் கையாண்ட ஒரு குழு இதைத் தொடாமல் விட்டதற்கு என்ன காரணம் என்று எனக்கு விளங்கவில்லை.

காத்திருப்பது விளையாடுபவனுக்குச் சுவை, பார்ப்பவனுக்குச் சலிப்பு என்று இதற்கு மறுமொழி வரக்கூடும். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. கையில் கட்டுப்பாட்டுக் கருவியை வைத்துக்கொண்டு, இன்னும் இரண்டு அடி வைத்தால் காவலன் திரும்பிவிடுவானோ என்று அஞ்சுபவனுடைய பதற்றத்தை, இருக்கையில் சாய்ந்திருப்பவனிடம் அப்படியே எதிர்பார்க்க முடியாது. தவறினால் மீண்டும் முதலிலிருந்து ஆடலாம் என்ற வசதியும் திரையில் இல்லை. ஆனால் சினிமா இந்தச் சிக்கலை இந்த விளையாட்டுகள் பிறப்பதற்கு முன்பே தீர்த்துவைத்திருக்கிறது. 1967-இல் ழான்-பியர் மெல்வில் எடுத்த ‘லெ சமுராய்’ படத்தில், முதல் பத்து நிமிடங்கள் அளவுக்கு வசனமே இல்லாமல், கூலிக்கொலையாளி ஒருவன் தன் வேலைக்குத் தயாராவதை மட்டும் பார்க்கிறோம். 1973-இல் ஃபிரெட் ஸின்னமன் எடுத்த ‘தி டே ஆஃப் தி ஜாக்கல்’ பெரும்பாலும் ஏற்பாடுகளைப் பற்றிய படம். போலிக் கடவுச்சீட்டு, பிரித்துப் பூட்டக்கூடிய துப்பாக்கி, தர்ப்பூசணிப் பழத்தைத் தொங்கவிட்டுக் குறி சரிபார்ப்பது என்று அது நகர்கிறது. கொலையாளி குறிவைக்கும் பிரெஞ்சு அதிபர் டி கோல் கொல்லப்படவில்லை என்பது பார்ப்பவர் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் நகத்தைக் கடித்துக்கொண்டு பார்க்கிறோம். ‘ஹிட்மேன்’ விளையாட்டுக்கு உண்மையான உறவு இந்தப் படங்களோடுதான், அதன் பெயரைத் தாங்கி வந்த படங்களோடு அல்ல.

வன்முறை பற்றியும் கட்டுரையில் ஒரு வரி இருந்தது. விளையாட்டின் இரத்த வெறியைப் படங்கள் அப்படியே பிரதிபலிப்பதாக அது கூறியது. கூலிக்குக் கொல்வதையே பொருளாகக் கொண்ட விளையாட்டு வன்முறையற்றது என்று வாதிட நான் வரவில்லை. அது பெரியவர்களுக்கானது, சிறுவர் கையில் கொடுக்கத் தக்கதல்ல. ஆனால் குறிக்கப்படாத ஒருவரைக் கொன்றாலும் தண்டிக்கும் விதிமுறையிலிருந்து தாழ்வாரம் தாழ்வாரமாகக் காவலர்களைச் சுட்டுக் குவிக்கும் காட்சிகள் எப்படி வந்தன என்று கேட்டால், விடை படத் தயாரிப்பு அலுவலகத்தில் இருக்கிறதே தவிர விளையாட்டில் இல்லை.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். நாவலைத் தழுவிய படத்துக்கு விமர்சனம் எழுதுபவர் அந்த நாவலைப் படித்திருக்க வேண்டும் என்று நாம் இயல்பாகவே எதிர்பார்க்கிறோம். அதுபோல, இனி விளையாட்டைத் தழுவிய படம் ஒன்று வரும்போது, அந்த விளையாட்டை முழுமையாக ஆடி முடித்த ஒருவரிடம் விமர்சனத்தை ஒப்படைக்கவோ, குறைந்தபட்சம் அவருடைய குறிப்பு ஒன்றை விமர்சனத்தின் பக்கத்தில் சேர்த்து வெளியிடவோ ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மதுரை